600 ஓடும் இணைப்பில் 27 காட்டினால்: லிப்ரே என்எம்எஸ், ஒரு நிகழ்வு ஆய்வு

ஒரு ஜிகாபிட் இணைப்பில் நொடிக்கு 600 மெகாபிட் ஓடிக்கொண்டிருக்கிறது. கண்காணிப்புத் திரை 27 மெகாபிட் என்கிறது. கிராஃப் வழவழவென்று இருக்கிறது, பிழைச் செய்தி எதுவும் இல்லை, எண்ணும் நம்பும்படிதான் இருக்கிறது.

காரணம் வெறும் கணக்கு. ஸ்விட்ச்சில் போய்வரும் பைட்டுகளை எண்ணும் பழைய 32 பிட் கவுண்டர் 4,294,967,296 பைட் வரை எண்ணிவிட்டு மறுபடி பூஜ்யத்துக்கு வந்துவிடும். கண்காணிப்புக் கருவி அதை ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறைதான் படிக்கும். 600 மெகாபிட் வேகத்தில் ஐந்து நிமிடத்துக்குள் 2,250 கோடி பைட் போகிறது. அதற்குள் கவுண்டர் ஐந்து முறை முழுதாகச் சுற்றி, மேலே 102 கோடிச் சொச்சம் மட்டும் வித்தியாசமாக நிற்கும். அதை 8ஆல் பெருக்கி 300 நொடியால் வகுத்தால் 27 மெகாபிட். ஏறக்குறைய நான்கில் ஒரு முறை வித்தியாசம் எதிர்மறையாக வரும். அப்போது கிராஃபில் ஓட்டை விழும். ஓட்டை விழுவதே மேல், ஏதோ கோளாறு என்றாவது தெரியும்.

100 மெகாபிட் காலத்தில் இந்தத் தொல்லை இல்லை. முழு வேகத்தில் ஓடினாலும் கவுண்டர் ஒரு சுற்று முடிக்க 343 நொடி ஆகும். எம்ஆர்டிஜி என்ற பழைய கண்காணிப்புக் கருவி 1995இல் வந்தபோது வைத்த ஐந்து நிமிட இடைவெளி 300 நொடி என்பதால் நூலிழையில் தப்பியது. ஜிகாபிட்டில் ஒரு சுற்றுக்கு 34 நொடிதான். ஆகவே 1.3.6.1.2.1.31.1.1.1.6 என்ற முகவரியில் இருக்கும் 64 பிட் கவுண்டரைப் படிக்க வேண்டும். சாதனங்களிடம் விவரம் கேட்கும் நெறிமுறையான எஸ்என்எம்பியின் முதல் பதிப்பில் 64 பிட் எண்ணை அனுப்ப வழியே இல்லை. குறைந்தது 2சி பதிப்பு வேண்டும்.

நெட்வொர்க் சாதனங்களைக் கண்காணிக்கும் திறமூல மென்பொருளான லிப்ரே என்எம்எஸ் இதை அறிந்த கருவிதான். 64 பிட் கவுண்டர் இருந்தால் யாரும் சொல்லாமலே அதை எடுத்துக்கொள்ளும். சாதனத்தைச் சேர்க்கும்போது எஸ்என்எம்பி பதிப்புகளையும் ஒவ்வொன்றாகத் தானே முயன்று பார்க்கும். அந்த நேரம் பார்த்து 2சி பதில் தராமல் போனால், முதல் பதிப்பில் போய் ஒட்டிக்கொண்டு "சேர்த்தாயிற்று" என்று சொல்லிவிடவும் கூடும். தானாக நடக்கும் வசதியும் தானாக வந்து சேரும் வம்பும் ஒரே கதவு வழியாகத்தான் வருகின்றன. இந்தக் கருவியை எடைபோட உட்கார்ந்தால் திரும்பத் திரும்ப இங்கேதான் வந்து நிற்க வேண்டியிருக்கிறது.

பிரிந்து பிறந்த கருவி

ஆடம் ஆர்ம்ஸ்ட்ராங் 2006இல் தொடங்கிய அப்சர்வியம்தான் மூலம். பிஎச்பி நிரல்மொழி, மைஎஸ்க்யூஎல் டேட்டாபேஸ், கிராஃப் தரவைச் சேமித்து வரையும் ஆர்ஆர்டி டூல் மூன்றையும் கட்டிச் சேர்த்தது. 2012 வரை ஜிபிஎல் என்ற திறமூல உரிமத்தில் வந்தது, பிறகு உரிமம் மாறியது. 2013இல் பால் கியர், கடைசியாக ஜிபிஎல்லில் வெளியான நிரலை எடுத்துக்கொண்டு லிப்ரே என்எம்எஸ் என்ற தனிக் கிளையைத் தொடங்கினார். கட்டணப் பதிப்பு வந்ததால் பிரியவில்லை, முன்னுரிமைகளும் மதிப்பீடுகளும் வேறு என்பதால் பிரிகிறோம், அதுவும் மனமில்லாமல்தான் என்று திட்டத்தின் ஆவணமே சொல்கிறது.

இந்தத் துறையில் பிரிவினை புதிதல்ல. 2009இல் ஐசிங்கா என்ற கண்காணிப்புக் கருவி, நாகியோஸ் என்ற மூத்த கருவியிலிருந்து இப்படித்தான் பிரிந்தது. உரிமம் அனுமதித்ததால்தான் 2013 பிரிவும் சாத்தியமாயிற்று. "நாளைக்கு இவர்கள் கைவிட்டுவிட்டால்?" என்ற கேள்வியோடு இளம் கருவியை அணுகுபவர்கள் முதலில் புரட்ட வேண்டியது உரிமப் பக்கத்தை. வசதிப் பட்டியல் அப்புறம்.

பிறந்தபோது கையில் இருந்தது ஏழு வயது நிரல். பெயர் புதிது, கடன் பழையது. ஆரம்ப ஆண்டுகளில் நிறுவல் குறிப்பே பிழையான தரவை ஏற்க மறுக்கும் டேட்டாபேஸின் கண்டிப்புப் பயன்முறையை அணைக்கச் சொன்னது. இல்லாவிட்டால் பழைய வினவல்கள் தடுக்கி விழும். தரவு வந்து சேருமிடத்தையே "கொஞ்சம் கண்டுகொள்ளாதே" என்று கேட்டுக்கொள்ளும் மென்பொருளைப் பார்த்து அனுபவசாலிகள் முகம் சுளித்ததில் நியாயம் உண்டு. பின்னால் அந்தத் தேவை போயிற்று. 2018 வாக்கில் லாராவெல் என்ற பிஎச்பி சட்டகத்துக்கு மெல்ல மெல்ல மாறத் தொடங்கினார்கள். ஒரேயடியாக இடித்துக் கட்டாமல் ஓடும் வண்டியிலேயே சக்கரம் மாற்றியதால், பல ஆண்டுகள் பழைய பக்கமும் புதிய பக்கமும் ஒரே திரையில் பக்கத்துப் பக்கத்தில் இருந்தன.

இரவில் வரும் அப்டேட்

இயல்பு நிலையில் விட்டுவிட்டால், நள்ளிரவு தாண்டிச் சற்று நேரத்தில் ஒரு ஸ்கிரிப்ட் ஓடி, திட்டத்தின் நிரல் இருக்கும் கிட்ஹப் தளத்தின் முதன்மைக் கிளையிலிருந்து அன்றைய நிரலை இழுத்துக்கொள்ளும். டேட்டாபேஸ் அட்டவணைகளையும் மாற்றும். நேற்று உலகின் மறுமூலையில் ஒருவர் சேர்த்த ஸ்விட்ச் ஆதரவு இன்று காலை உங்கள் திரையில் இருக்கும். நேற்று அவர் செய்த தவறும் அப்படியே வந்திருக்கும்.

இதில் வழக்கமாகச் சறுக்கும் இடங்கள் இவை. யாராவது சர்வரில் நிரல் கோப்பு ஒன்றைக் கையால் திருத்தியிருப்பார்கள், நிரலைக் கொண்டுவரும் கிட் என்ற கருவி இழுக்க மறுத்து அப்டேட் மாதக்கணக்கில் நின்றிருக்கும். அட்டவணை மாற்றம் பாதியில் அறுந்திருக்கும், அதற்கடுத்த மாற்றங்கள் வரிசையாக விழும். தேவையான பிஎச்பி பதிப்பு உயர்ந்திருக்கும். சென்ட்ஓஎஸ் 7 தன்னோடு கொண்டுவந்தது பிஎச்பி 5.4, கருவியோ 7க்குப் போய்விட்டது. வெளிக் களஞ்சியத்திலிருந்து பிஎச்பியைக் கொண்டுவரும் வரை சர்வர் பழைய பதிப்பிலேயே உட்கார்ந்திருக்கும்.

மருந்து எளிது. உற்பத்திச் சர்வரில் அப்டேட் தடத்தை மாத வெளியீட்டுக்கு மாற்றிவிட வேண்டும். தினசரித் தடத்தைச் சோதனைச் சர்வரில் மட்டும் ஓட விடலாம்; நாலைந்து சாதனங்கள் அதில் இருந்தால் போதும். நிரல் கோப்பில் கை வைக்கக் கூடாது. மாற்றம் எதுவானாலும் அமைப்புக் கோப்பில் செய்யலாம், அல்லது திட்டத்துக்கே அனுப்பலாம். வேலிடேட் என்ற சரிபார்ப்பு ஸ்கிரிப்டை வாரம் ஒருமுறை ஓட்டிப் பார்ப்பதும் நல்ல பழக்கம். நேர மண்டலம் பொருந்தாதது, அனுமதி தவறியது, திருத்தப்பட்ட கோப்பு, விடுபட்ட அட்டவணை மாற்றம் எல்லாவற்றையும் பெயர் சொல்லிக் காட்டிக்கொடுக்கும், திருத்தும் கட்டளையையும் பல இடங்களில் கூடவே தரும். தன் நோயைத் தானே சொல்லத் தெரிந்த மென்பொருள் இந்த வயதில் அபூர்வம். இதன் மதிப்பெண்ணைப் பெரிதும் உயர்த்துவது இந்த ஒரு ஸ்கிரிப்ட்தான் என்றாலும் மிகையில்லை.

அனுமதிச் சிக்கலுக்குத் தனியாக ஒரு பத்தி வேண்டும், அவ்வளவு பரவலான விபத்து அது. கிராஃப் வரவில்லை என்று ஒருவர் முழு அதிகாரமுள்ள ரூட் பயனராக நுழைந்து, சாதனங்களிடம் தரவு கேட்டு வாங்கும் போலரைக் கையால் ஒரு முறை ஓட்டிப் பார்ப்பார். ஓடும். மகிழ்ச்சியோடு வெளியேறுவார். அந்த ஓட்டத்தில் உண்டான கோப்புகளுக்கு உரிமையாளர் ரூட் ஆகியிருக்கும். அடுத்த ஐந்து நிமிடத்தில் சாதாரணப் பயனராக வரும் போலரால் அவற்றில் எழுத முடியாது, ஒரு கிராஃபைத் தேடிப் போனவர் பல கிராஃப்களை நிறுத்தியிருப்பார். கருவிக்கென்று உள்ள பயனருக்கு மாறிக்கொண்ட பிறகே எதையும் ஓட்ட வேண்டும். நடந்துவிட்டால் கோப்பு உரிமையை மொத்தமாக மாற்றித் திரும்ப எழுதினால் சரியாகிவிடும். விட்டுப்போன மணி நேரங்கள் திரும்பி வராது.

300 நொடிக்குள் முடிக்க வேண்டும்

போலர் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை எழும். வழக்கமான அமைப்பில் ஒரே நேரத்தில் வேலை செய்யும் 16 இழைகள். 16ஐ 300ஆல் பெருக்கினால் ஒரு சுற்றுக்கு 4,800 இழை-நொடி கையிருப்பு. ஒரு சாதனத்துக்குச் சராசரி 20 நொடி என்றால் 240 சாதனத்தோடு கையிருப்பு தீர்ந்தது. அதுவும் காகிதக் கணக்கு; ஒரே ஒரு சாதனம் 300 நொடியைத் தாண்டினாலும் அதன் கிராஃபில் இடைவெளி விழத் தொடங்கும். இழையைக் கூட்டுவதுதான் எல்லோரும் முதலில் செய்வது. பிராசசரும் வட்டும் தாங்கும் வரை அது பலிக்கும். ஆனால் தாமதத்தின் வேர் பெரும்பாலும் வேறிடத்தில் இருக்கும்.

48 போர்ட் ஸ்விட்ச் ஒன்று தொலைவில், போய்வர 150 மில்லிநொடி ஆகும் இணைப்பில் இருப்பதாக வைத்துக்கொள்வோம். போர்ட்டுக்கு 30 மதிப்பு என்றால் மொத்தம் 1,440. ஒவ்வொன்றாகக் கேட்டால் 216 நொடி. மொத்தமாகக் கேட்கும் முறையில் ஒரு கேள்விக்குப் பத்து மதிப்பு என்றால் 144 பயணம், 21.6 நொடி. முப்பதாக உயர்த்தினால் 48 பயணம், 7.2 நொடி. சாதனத்தின் எஸ்என்எம்பி அமைப்பில் ஒரு எண்ணை மாற்றியதற்கு இவ்வளவு பலன்.

அதற்காக 50, 100 என்று ஏற்றிக்கொண்டே போனால் கணக்கு உதைக்கும். போர்ட் விவரணை போன்ற நீளமான எழுத்துச் சரங்கள் கலந்தால் பதில் 1,500 பைட்டைத் தாண்டி, துண்டாகிப் போகும். வழியில் துண்டுகளை விடாத ஃபயர்வால் ஒன்று நின்றால் பதிலே வராது. ஒரு விநாடி காத்திருப்பும் ஐந்து மறுமுயற்சியும் கொண்ட வழக்கமான அமைப்பில், பதில் வராத ஒவ்வொரு கேள்வியும் ஆறு நொடியைத் தின்னும். இப்படி இருபது கேள்வி போதும், இரண்டு நிமிடம் காற்றில் போய்விடும். பத்து, இருபது, முப்பது என்று ஏற்றி, ஒவ்வொரு படியிலும் போலிங் நேரத்தைப் பார்த்து நிறுத்துவதே சரி. சில மலிவு ஸ்விட்ச்களில் எஸ்என்எம்பி கேள்விக்குப் பதில் தரும் ஏஜென்ட்டுக்கு மொத்தமாகக் கேட்பதே ஒத்துவராது, நடுவில் தொங்கிவிடும். அவற்றுக்கு மட்டும் அதை அணைக்கலாம்.

தரவு வகைக்கு ஒன்றாக உள்ள மாட்யூல்களில் எது எத்தனை நொடி எடுத்தது என்பதைக் கருவி சாதனவாரியாகவே பதிந்து காட்டுகிறது. பிஜிபி என்ற ரூட்டிங் நெறிமுறை ஓடாத ஸ்விட்ச்சில் பிஜிபி மாட்யூல் எதற்கு? அணைக்கலாம். 400 போர்ட்டில் 12 மட்டும் இயங்கும் பெரிய ஸ்விட்ச் என்றால், முழு அட்டவணையையும் நடக்காமல் வேண்டிய போர்ட்டை மட்டும் கேட்கும் முறைக்கு மாற்றலாம்.

வட்டுக்கும் பங்குண்டு. 48 போர்ட் ஸ்விட்ச் 200 இருந்தால் போர்ட்டுக்கு ஒன்றாக 9,600 ஆர்ஆர்டி கோப்பு. சுற்றுக்கு ஒருமுறை என்றால் நொடிக்கு 32 எழுத்து, அதுவும் வட்டில் அங்கொன்றும் இங்கொன்றுமாக. சுழலும் வட்டில் இது முனகும். ஆர்ஆர்டி கேஷ் சேவையை இடையில் வைத்து அரை மணி நேரத்துக்கு ஒருமுறை எழுதச் சொன்னால் சுமை இறங்கிவிடும். அதற்குத் தரும் விலை: மின்சாரம் திடுமென்று போனால் நினைவகத்தில் இருந்தது காக்கப்பட்டதா என்பது அதன் ஜர்னல் அமைப்பைப் பொறுத்தது. அதைச் சரியாக வைக்காமல் கேஷை மட்டும் இயக்குவது அரைகுறை வேலை.

412 டிகிரி

புது வகைச் சாதனம் ஒன்றைச் சேர்த்ததும் வெப்பநிலை 412 டிகிரி என்று அலர்ட் வருகிறது. ஏஜென்ட் பத்து மடங்காக எண் தருகிறது, உண்மை 41.2. கருவியில் இந்த வகைச் சாதனத்துக்கான வரையறை ஒரு யாமல் கோப்பு, அதாவது யாரும் திருத்தக்கூடிய எளிய எழுத்துக் கோப்பு. 1.3.6.1.4.1 என்று தொடங்கும் தயாரிப்பாளர் அடையாள எண்ணை வைத்துச் சாதனத்தை இனம் காணும். எந்த எண்ணை எங்கே படிப்பது, எத்தனையால் வகுப்பது என்று சில வரிகள் இருக்கும். வகுக்கும் எண் 10 என்று ஒரு வரி சேர்த்தால் முடிந்தது. பிஎச்பி தெரியாத நெட்வொர்க் பொறியாளரும் அரை மணியில் செய்துவிடலாம். வணிகக் கருவியாக இருந்தால் புகார்ச்சீட்டு போட்டுவிட்டு அடுத்த வெளியீட்டுக்காகக் காத்திருக்க வேண்டும்.

எல்லை மதிப்பு வேறு ஒரு கதை. சாதனம் தன் எல்லையைச் சொல்லாவிட்டால், முதலில் கண்டறிந்த நேரத்து அளவை வைத்துக் கருவியே ஒன்றை ஊகிக்கும். ஏசி முழு வேகத்தில் ஓடும்போது சேர்த்த சாதனம், ஏசி நின்ற ஞாயிறு மதியம் கத்தித் தீர்த்துவிடும். ஊகத்தை அணைத்து எல்லையைக் கையால் போடுவது நல்லது.

திருத்திய வரையறையைத் திட்டத்துக்கு அனுப்பும்போது, சாதனத்தின் எஸ்என்எம்பி பதிலைப் பதிவுசெய்த கோப்பும், எதிர்பார்க்கும் முடிவும் சேர்த்துத் தர வேண்டும். அதன்பின் நிரலில் யார் எதை மாற்றினாலும் பாவனைச் சாதனத்தின் மேல் சோதனை ஓடும், 41.2 வராவிட்டால் அந்த மாற்றம் உள்ளே போகாது. உங்கள் சாதனத்தின் பதிவு அங்கே இருப்பதுதான் தினசரி அப்டேட்டுக்கு எதிரான காப்பீடு. அனுப்பும் முன் பதிவுக் கோப்பைத் திறந்து சாதனப் பெயர், ஐபி, மேக் முகவரி, தொடர் எண், இடத்தின் பெயர் எல்லாவற்றையும் போலிப் பெயராக மாற்ற வேண்டும். பொதுவெளியில் போய்விட்டால் திரும்ப எடுக்க முடியாது.

கூச்சலும் மௌனமும்

மைய ரூட்டர் ஒன்று விழுந்தால் அதன் பின்னால் இருக்கும் அறுபது கிளைச் சாதனங்களும் விழுந்ததாக அறுபது மின்னஞ்சல். எது எதன் பின்னால் இருக்கிறது என்று பெற்றோர் சாதனத்தைக் குறிக்கும் வசதி பின்னால்தான் வந்தது. வந்தபின்னும் அதைக் கையால் நிரப்ப வேண்டும், பலர் நிரப்புவதில்லை. கண்டறிதல் வேகத்தையும் தெரிந்துகொள்ள வேண்டும்: போலிங் ஐந்து நிமிடம், அலர்ட் சரிபார்ப்பு ஒரு நிமிடம், அதற்கு மேல் விதியில் போட்ட தாமதம். ஆக, மோசமான நிலையில் ஆறு நிமிடத்துக்குப் பிறகே செய்தி வரும். அது போதாது என்றால் சாதனம் பதில் தருகிறதா என்று பார்க்கும் பிங்கை மட்டும் நிமிடத்துக்கு ஒருமுறை தனியாக ஓட்டும் வழி உண்டு.

கூச்சலைச் சகித்துக்கொள்ளலாம். போலர் நின்றுபோனால் அலர்ட்டும் பழைய தரவையே பார்த்துக்கொண்டு "எல்லாம் நலம்" என்று இருப்பதுதான் ஆபத்து. கண்காணிக்கும் சர்வரை அதே சர்வர் கண்காணிக்கக் கூடாது. வேறொரு இயந்திரத்தில் பத்து வரி ஸ்கிரிப்ட் போதும்: ஏபிஐ வழியாகக் கடைசிப் போலிங் நேரத்தைக் கேட்டு, 15 நிமிடத்துக்கு மேல் பழையதானால் குறுஞ்செய்தி அனுப்ப வேண்டும்.

பாதுகாப்பிலும் பழைய கடன் வட்டியோடு வந்தது. 1.46 பதிப்பில் சிவிஇ-2018-20434 என்ற எண்ணில் பதிவான பாதுகாப்பு ஓட்டை: சாதனம் சேர்க்கும் பக்கத்தில் தரும் கடவுச்சொல் போன்ற எஸ்என்எம்பி கம்யூனிட்டி சொல்லுக்குள் ஷெல் கட்டளையை நுழைத்து ஓட்ட முடிந்தது. உள்நுழைவு தேவைதான், இருந்தாலும் எல்லாச் சாதனங்களின் சாவிக்கொத்தும் தொங்கும் பெட்டி இது. நிர்வாகத்துக்கென்று தனியே பிரித்த வலையமைப்புக்குள் (வீலான்) வைப்பது, படிக்க மட்டும் அனுமதி தருவது, முடிந்த சாதனங்களில் எஸ்என்எம்பி மூன்றாம் பதிப்பை மறையாக்கத்தோடு பயன்படுத்துவது, சாதனங்களில் இந்த ஒரு சர்வரின் ஐபிக்கு மட்டும் எஸ்என்எம்பியின் வாசலான யுடிபி 161ஐத் திறப்பது ஆகியவற்றில் சலுகை காட்டக் கூடாது.

தராசில் வைக்கும் முறை

சோதனைக்குப் பெரும்பாலோர் நல்ல பிள்ளைகளைத் தேர்ந்தெடுப்பார்கள்: புதிய ஸ்விட்ச், பக்கத்து ரேக். ஒன்றும் தெரியவராது. இருபது சாதனம் போதும், ஆனால் இருப்பதிலேயே பழையது, தொலைவில் இருப்பது, பெயர் தெரியாத தயாரிப்பாளருடையது, யுபிஎஸ், ஒயர்லெஸ் கண்ட்ரோலர் என்று வம்புபிடித்தவையாக எடுக்க வேண்டும். தானியங்கிக் கண்டுபிடிப்பைத் திறக்கும் முன் எந்த ஐபி வரம்பு உள்ளே, எது வெளியே என்று எழுதிவிட வேண்டும். இல்லாவிட்டால் அண்டைச் சாதனங்களை அறிவிக்கும் எல்எல்டிபி, சிடிபி நெறிமுறைகள் வழியாகப் பக்கத்து நிறுவனத்தின் சாதனங்களையும் தட்டத் தொடங்கும்.

ஆறு வாரம் பழைய கருவியும் இதுவும் இணையாக ஓடட்டும். ஒரு முக்கிய இணைப்பில் மாத மொத்தத்தை இணையச் சேவையாளரின் பில்லோடு ஒப்பிட வேண்டும். ஒரு ஸ்விட்ச்சை மறுதொடக்கம் செய்து, போர்ட்டின் உள் எண்கள் இடம் மாறுகின்றனவா என்று பார்க்க வேண்டும். மாறினால் மூன்றாம் போர்ட்டின் வரலாறு ஐந்தாம் போர்ட்டில் போய் ஒட்டிக்கொள்ளும். போர்ட்டை எண்ணால் அல்லாமல் பெயரால் இனம் காணும்படி மாற்றுவதும், ஸ்விட்ச்சிலேயே எண்ணை நிலைநிறுத்துவதும் இதற்கு மாற்று. ஒரு கேபிளைப் பிடுங்கிவிட்டுக் கடிகாரத்தைப் பார்க்க வேண்டும். வேண்டுமென்றே அப்டேட்டைக் கெடுத்து, வேலிடேட் சொல்வதை மட்டும் வைத்து மீட்க முடிகிறதா என்று பார்க்க வேண்டும்.

இருபது சாதனத்தில் மூன்றுக்கு ஆதரவு இல்லாமல் போனால் அதற்காக மட்டும் நிராகரிக்க வேண்டாம், அது யாமல் கோப்பால் தீரும். தவறான எண்ணைத் தவறென்று காட்டிக்கொள்ளாமல் வரைந்தால், அதற்கான காரணத்தைக் குழுவில் ஒருவராவது ஒரு நாளுக்குள் கண்டுபிடிக்க முடியாமல் போனால், அந்தக் குழுவுக்கு இந்தக் கருவி இன்னும் வேண்டாம். லினக்ஸ் கட்டளை வரியில் பயமில்லாத ஒருவர் குழுவில் இருந்தே ஆக வேண்டும். வாரத்துக்கு இரண்டு மணி நேரமாவது இதற்கென்று ஒதுக்க முடிய வேண்டும். இலவசம் என்பதற்காக மட்டும் வருகிறவர்களுக்கு இந்த இரண்டு மணி நேரம்தான் உறுத்தும்.

சோதனையை ராஸ்பெர்ரி பையில் தொடங்குபவர்களுக்கு ஒன்று. ஆர்ஆர்டி கோப்பு பிராசசர் வகையைச் சார்ந்தது. 32 பிட் ஆர்ம் இயந்திரத்தில் உண்டானதை 64 பிட் சர்வரில் அப்படியே வைத்தால் திறக்காது. பழைய இயந்திரம் உயிரோடு இருக்கும்போதே ஒவ்வொரு கோப்பையும் எக்ஸ்எம்எல்லாகக் கொட்டி, புதியதில் மீட்க வேண்டும். கூடவே டேட்டாபேஸ் நகல், அமைப்புக் கோப்பு, சூழல் கோப்பு. இவை நான்கையும் வெற்றுச் சர்வர் ஒன்றில் ஏற்றி, ஆறு வாரக் கிராஃப் முழுதாக வருவதைப் பார்த்த பிறகு பழைய கருவியை அணைக்கலாம்.